பியூஸ் இல்லாமல் ஓடிய கார்

வானமே இடிந்து விழுந்தாலும் இந்தச் சனிக்கிழமை சோபாவை விட்டு இறங்குவதில்லை என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்தார். சாதாரண சபதமில்லை. பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து, வாய் நிறைய நுரையோடு எடுத்த சபதம்.

அவரையும் குறை சொல்ல முடியாது. லிஃப்ட் ரிப்பேர் செய்வது அவர் தொழில். வாரம் பூராவும் மேலே போவதும் கீழே வருவதுமாகவே இருக்கிற மனுஷன், ஒருநாளாவது ஒரே மட்டத்தில் கிடக்க ஆசைப்படக் கூடாதா? அதிலும் இந்தச் சனிக்கிழமை டி.வி.யில் புட்பால் பைனல்!

ஆனால் வீட்டில் இருப்பது யார்? டீச்சரம்மா. தெருவே அவர் மனைவியை அப்படித்தான் கூப்பிடுகிறது. இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். சாப்பாட்டு மேஜைதான் வகுப்பறை. தலைமையாசிரியை, கணக்கு டீச்சர், விளையாட்டு டீச்சர், மணி அடிக்கிறவர் எல்லாம் அவளே. கோடை வந்தால் மற்ற பள்ளிக்கூடங்கள் மூடிவிடும். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கோடையில்தான் கொண்டாட்டம். "கடவுள் இவ்வளவு பெரிய உலகத்தைப் படைச்சு வெளியே வெச்சிருக்கார், நாம என்னடான்னா அதோட போட்டோவை வீட்டுக்குள்ள உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கோம்" என்பாள். சனிக்கிழமையானால் கிளம்பிவிடுவாள்.

கிளம்பினால் கிளம்பட்டும், நமக்கென்ன என்கிறீர்களா? அந்தப் பாடங்களுக்கெல்லாம் செய்முறைப் பொருள் யார் தெரியுமா? லிஃப்ட்காரர்தான்! கடற்கரைக்குப் போனபோது புதைபடிவம் என்றால் என்ன என்று விளக்க அவரைக் கழுத்துவரை மணலில் புதைத்தாள். பிள்ளைகள் தூரிகையால் தூசி தட்டித் தட்டி வெளியே எடுத்தார்கள். மிருகக்காட்சி சாலையில் அவரைக் குரங்குக் கூண்டு முன்னால் நிறுத்தி, "ஆறு ஒற்றுமை கண்டுபிடிங்க" என்றாள். பெரியவள் பதினொன்று கண்டுபிடித்தாள்.

பெரியவளுக்கு வீட்டில் வக்கீல் என்று பேர். அவளிடம் பேசி ஜெயித்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. சின்னவள் பட்டாணி. ஐந்து வயசு. உருண்டு உருண்டு ஓடுவாள், சொன்னதையெல்லாம் நம்புவாள்.

வெள்ளிக்கிழமை காப்பி வேளையில் பேச்சு ஆரம்பித்தது.

"என்னங்க, நாளைக்கு ஏரி."

"நாளைக்கு பைனல்."

"பைனலை மறுபடியும் போடுவாங்க."

"முடிவு தெரிஞ்ச மேட்ச்சைப் பார்க்கறதும் ஆறின காப்பியைச் சுட வைக்கறதும் ஒண்ணு. ஏரி எங்க ஓடிப்போகப் போகுது? நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாயேன்."

"நீங்க இல்லாம போனா அது இன்னொரு கிளாஸ்ங்க. வாரம் பூரா நானும் இந்த ரெண்டு வாலும்தான். பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா பால்காரர் வரணும். சனிக்கிழமை ஒருநாள்தான் நாலு பேரா இருக்கோம். ரெண்டு வாரமா வேலை வேலைன்னு அதுவும் இல்லை."

லிஃப்ட்காரருக்கு நெஞ்சு லேசாக இளகியது. உடனே பைனலை நினைத்து அதை இறுக்கிக்கொண்டார்.

வரமாட்டேன் என்று சொன்னால் அவர் வில்லன். பட்டாணி உதட்டைப் பிதுக்குவாள், வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணுவாள். என்ன செய்வது? மதில் ஓரமாகப் போய் நின்றார். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எந்த நோவைச் சொன்னாலும் ஒரு மருந்து வைத்திருப்பார்.

"வயித்துவலின்னு படுத்துடுங்க தம்பி."

"போன மாசம் படுத்தேன் அண்ணே. மனித உடலின் உள்ளுறுப்புகள்னு பாடம் ஆரம்பிச்சுட்டா. ரெண்டும் சேர்ந்து ஸ்கெட்ச் பேனாவால என் வயித்துல கல்லீரல் வரைஞ்சு கலர் அடிச்சுதுங்க. ஒரு வாரம் அழியலை."

"அடப்பாவமே! அப்போ உங்களுக்கு வேண்டாம். காருக்கு வரட்டும் வயித்துவலி."

லிஃப்ட்காரரின் முகம் பல்பு மாதிரி பளிச்சென்று எரிந்தது. ஆஹா! கார் வரவில்லை என்றால் கார்தானே வில்லன்!

சாயந்திரம் காரைத் துடைக்கிற சாக்கில் பானெட்டைத் திறந்தார். நகம் அளவுக்கு ஒரு பியூஸ். அதை உருவிவிட்டால் பெட்ரோல் பம்ப் ஓடாது. பம்ப் ஓடாவிட்டால் பெட்ரோல் போகாது. பெட்ரோல் போகாவிட்டால் கார் தலைகீழாக நின்றாலும் கிளம்பாது. வயரோடும் பியூஸோடும் இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு இது தெரியாதா? உருவினார். நீல யூனிஃபார்ம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிட்டது கூடக் கொஞ்சம் அதிகம்.

சனிக்கிழமை விடிந்ததுமே வீடு அமளிதுமளிப்பட்டது. தொப்பி, தண்ணீர் பாட்டில், பூதக்கண்ணாடி, வண்ணத்துப்பூச்சி வலை, மண்வெட்டி இரண்டு. மண்வெட்டியைப் பார்த்ததும் லிஃப்ட்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டார். ஆனாலும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். அவர் சாவியைத் திருகினார்.

கர்ர்... கர்ர்ர்... லொக். அவ்வளவுதான். கார் அடங்கிவிட்டது.

"அடடடா! என்ன ஆச்சு இதுக்கு?" ஸ்டீரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். நடிப்பு என்றால் அப்படி ஒரு நடிப்பு. "பம்ப் போயிருக்கும்மா. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... சே! சரி, எல்லாரும் இறங்குங்க."

டீச்சரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்று கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் கற்றுக்கொண்டிருக்க வேண்டாமா?

பட்டாணிதான் முதலில் குதித்து இறங்கினாள்.

"அம்மா, சாமிகிட்ட கேக்கலாமா?"

"கேளேன் கண்ணு. நல்லா சத்தமா கேளு."

அந்த வீட்டில் தினமும் பாடம் ஆரம்பிக்கும் முன் மேஜையைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வேண்டுதல் சொல்வது வழக்கம். பட்டாணி இரண்டு உள்ளங்கையையும் பானெட்டின்மேல் வைத்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"சாமி, எங்க கார் பாவம். அதுக்கு உடம்பு சரியாகணும். அப்பா இன்னைக்காவது எங்ககூட வரணும். போன வாரம் வரலை. அதுக்கு முந்தின வாரமும் வரலை. கார் கிளம்பிடும், எனக்குத் தெரியும். இப்பவே தேங்க்ஸ் சொல்லிடறேன். அப்புறம் ஏரியைப் பார்த்தா மறந்துடுவேன்."

லிஃப்ட்காரர் காரை விட்டு இறங்கினார்.

இதை அவர் யோசிக்கவே இல்லையே! கார் கிளம்பாவிட்டால் இந்தக் குழந்தை அப்பனையா சந்தேகப்படும்? சாமி காதில் விழவில்லை என்றல்லவா நினைக்கும்! தேங்க்ஸ் வேறு சொல்லிவிட்டதே! ஒரு புட்பாலுக்காகப் பெற்ற பெண்ணின் நம்பிக்கையை உதைத்துத் தள்ளுவதா? சீ, நானும் ஒரு தகப்பனா? பைனல் நாசமாய்ப் போகட்டும்!

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று உள்ளே ஓடினார். பியூஸை எடுத்துக்கொண்டு வந்து, பானெட்டைத் திறந்து சும்மா தட்டுகிற மாதிரி தட்டி, சொருகிவிட்டால் முடிந்தது.

கதவுக்குப் பின்னால் சட்டையைக் காணோம்.

கொல்லைக்கு ஓடினார். நீலச் சட்டை கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. பையில் கையை விட்டார். ஈரம்தான் இருந்தது. வாஷிங் மெஷினுக்குள் தலையைக் கொடுத்தார். டார்ச் அடித்தார். துழாவினார். ஒன்றுமில்லை. போன வருஷம் இவருடைய திருகாணி ஒன்றைத் தின்றுவிட்டு அந்த மெஷின் படுத்த படுக்கையாகக் கிடந்தது. இப்போது பியூஸையும் விழுங்கிவிட்டதா? இல்லை, சாக்கடையில் போய்விட்டதா?

திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. பட்டாணி மறுபடியும் பானெட்டில் கை வைத்தபடி நின்றாள்.

"அப்பா, நீயும் கேளுப்பா."

வேறு வழி? கையை வைத்தார். கண்ணை மூடினார். பல வருஷத்துக்கப்புறம் உண்மையாகவே வேண்டினார். மனசுக்குள்.

"மனசுக்குள்ள சொன்னா எப்படிங்க?" என்றாள் டீச்சரம்மா. "நம்ம வீட்டுல எல்லாம் சத்தமாத்தானே."

"கடவுளே!" என்று ஆரம்பித்தார். "நான் பொல்லாதவன். இந்தக் குழந்தை முகத்துக்காக இந்தக் கார் கிளம்பட்டும். இது மட்டும் கிளம்பிட்டா, இந்தக் கோடை முழுக்க, ஒரு சனிக்கிழமை விடாம, இவங்க எங்க கூப்பிட்டாலும் போறேன். ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றாள் டீச்சரம்மா.

"அப்படியே ஆகட்டும்" என்றாள் வக்கீல்.

"இப்போ சாவியைத் திருகுங்க" என்றாள் டீச்சரம்மா.

திருகினார். கர்ர்... ட்ர்ர்ரூம்!

கார் கிளம்பிவிட்டது! பட்டாணி தெருவே அதிரக் கத்தினாள். வக்கீல் கை தட்டினாள். லிஃப்ட்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பியூஸ் இல்லை! பம்ப் ஓடுகிறது! உலகத்திலேயே இன்று நடந்த அற்புதத்தின் முழு அளவு தெரிந்த ஒரே ஆள் அவர்தான். யாரிடமும் சொல்லவும் முடியாது. சொன்னால் பியூஸை உருவியது யார் என்று கேட்பார்களே!

வழியில் டீச்சரம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி வெள்ளரிக்காய் வாங்கிய நேரத்தில், மரத்துக்குப் பின்னால் போய் நின்று மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, கார் ஓடுது!"

"பியூஸைப் போட்டுட்டீங்களா?"

"இல்லண்ணே! பியூஸ் இல்லாமயே ஓடுது!"

"தம்பி, வெயில் ஜாஸ்தி. தலையில தொப்பி போட்டிருக்கீங்களா?"

பானெட்டைத் திறந்து பார்த்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது. வேண்டாம்! சந்தேகப்பட்டுத் திறந்து, அற்புதம் கோபித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டால்?

ஏரியில் அன்றைக்கு அவர் அடித்த கூத்து இருக்கிறதே! பட்டாணியைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் ஓடினார். வலையோடு வண்ணத்துப்பூச்சிக்குப் பின்னால் முள்ளில் புகுந்தார். படகில் தானே துடுப்பு போட்டு ஒரே இடத்தில் வட்டமடித்தார். டீச்சரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்குத் தோன்றியது. பைனல் நினைப்பே வரவில்லை. "மணல்ல படுக்கட்டுமா?" என்று அவரே கேட்டுக் குழியில் இறங்கினார். பிள்ளைகள் இரண்டு பேரும் ஈர மணலைக் குவித்துக் குவித்துக் கழுத்துவரை மூடிக் கெட்டியாகத் தட்டிவிட்டார்கள்.

பட்டாணி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடினாள். டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கினாள். லிஃப்ட்காரருக்குத் தாங்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது. காலையில நடந்தது சாதாரண விஷயம் இல்லம்மா. அற்புதம்! அந்தக் கார்ல பம்ப் பியூஸே இல்லை. நான்தான் உருவினேன். அது இல்லாம ஒரு கார் ஓடவே ஓடாது. ஆனா ஓடிச்சு!"

கண் கலங்கியிருந்தது. டீச்சரம்மா ஒரு வெள்ளரித் துண்டை அவர் வாயில் ஊட்டினாள்.

"திருகாணி மாட்டி மெஷின் படுத்ததுக்கப்புறம் உங்க சட்டைப் பையைப் பார்க்காம நான் துவைக்கப் போடறதே இல்லைங்க. காலையில பியூஸ் கிடைச்சுது. எதோடதுன்னு தெரியலை. கார் இருமினதும் தெரிஞ்சுபோச்சு."

வாயிலிருந்த வெள்ளரிக்காய் அப்படியே நின்றது.

"நீங்க மெஷினுக்குள்ள தலையை விட்டுக்கிட்டிருந்தப்போ, பியூஸ் பெட்டி மூடியில இருக்கிற படத்தைப் பார்த்து வக்கீல் அதைச் சொருகிட்டா. போன மாசம்தான் கார் பாடம் நடத்தினேன். பட்டாணியைச் சாமிக்குப் பூப் பறிக்க அனுப்பியிருந்தேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்போ... அற்புதம் இல்லையா?"

"ஏன் இல்லை? கார் கிளம்பணும்னு மட்டுமா அவ கேட்டா? அப்பா வரணும்னும் கேட்டாளே. வந்துட்டீங்க. எனக்கு அதைவிடப் பெரிய அற்புதம் தெரியாது."

அவருக்கு மூச்சு முட்டியது. மணலாலா வெட்கத்தாலா என்று தெரியவில்லை. அப்போதுதான் ஒரு சந்து தெரிந்தது.

"நில்லு, நில்லு! நீங்க ஏமாத்தி வாங்கின வேண்டுதல் செல்லாது! இனி எல்லா சனிக்கிழமையும்னு சொன்னதெல்லாம் ரத்து!"

வக்கீல் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "கார் கிளம்பிட்டா போறேன்னுதான் சொன்னீங்கப்பா. பியூஸ் இல்லாம கிளம்பினாத்தான்னு சொல்லவே இல்லை. கார் கிளம்பிச்சு. செல்லும்."

"அடுத்த வாரம் மலை" என்றாள் டீச்சரம்மா. "லிஃப்ட் கிடையாது."

லிஃப்ட்காரர் எழுந்து நின்று நியாயம் கேட்கப் பார்த்தார். கால் அசையவில்லை. கை அசையவில்லை. வயிற்றுக்கு மேலே எங்கேயோ, மணலுக்கடியில், மேட்ச் முடிவைச் சொல்ல மருந்துக்கடைக்காரர் கூப்பிடும் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"சரிம்மா, போறும். தோத்துட்டேன். என்னைத் தோண்டி வெளிய எடுங்க."

டீச்சரம்மா மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். தோண்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அன்பாகக் கேட்டாள்.

"அதுக்கு என்ன வேண்டிக்கறீங்க?"