கைலி கட்டிய தாப்பீர்

அன்புள்ள மாப்பிள்ளை ஹேமநாதனுக்கு,

உன் மச்சான் மகேந்திரன் எழுதுவது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு தப்பை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். உன் டிவி படத்தில் நான் நடித்திருப்பதாக இந்த எஸ்டேட்டே நம்பிக்கொண்டிருக்கிறது. நம்பவிட்டது நான்தான். மற்றபடி நானும் உன் அக்கா லோகேஸ்வரியும் சுகம். அயர்லாந்தில் நீயும் உன் ஜலதோஷமும் சுகமா?

போனில் சொல்லலாம்தான். ஆனால் நம் வீட்டில் என் போனை முதலில் பார்ப்பது உன் அக்கா. அதனால் புக்கிட் பெலண்டோக் முச்சந்தியில் செம்பனை லாரியை ஓரங்கட்டிவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் என் ஆறாம் வகுப்பு வாத்தியாரைக் கேள்.

மூன்று மாதத்துக்கு முன் நீ போன் பண்ணி, "மச்சான், கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாளியோட படி ஏறுங்க, ஒக்காருங்க, வழுக்கி விழுங்க, எல்லாத்தையும் வீடியோ எடுத்து அனுப்புங்க" என்றாய். எதற்கென்றும் ஒழுங்காகத்தான் சொன்னாய், உன் ஆட்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஒரு கார்ட்டூன் மிருகத்தை நடக்கவைப்பார்கள் என்று. அதை நான் உன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. கோலாலம்பூரில் டெங்கி விளம்பரத்துக்குக் கொசு வரைந்து ஆரம்பித்தவன், மணிலாவில் கோழி, சியோலில் ரோபோ, கனடாவில் பனிக்கரடி என்று நாடு நாடாகப் போய், இன்றைக்கு நாற்பது பேருக்கு டைரக்டராகி, கடைசியில் வழுக்கி விழ ஆள் கிடைக்காமல் என்னிடம் வந்தாயே என்று எனக்கு ஒரே பெருமை. பதினான்கு தடவை விழுந்தேன். உன் அக்கா சிரித்த சிரிப்பில் போன் ஆடி அதில் பத்து வீணாயிற்று. பதினைந்தாவது தடவை நான் நடிக்கவில்லை, வாளியில் சவர்க்காரத் தண்ணீர் இருந்தது. எஸ்டேட் கிளினிக்கில் மருந்து கட்டுகிற டிரெஸர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். படத்துக்காக விழுந்தேன் என்றேன். இது பொய்யா, நீயே சொல்லு.

டிரெஸர் வாய் வழியாகச் செய்தி பரவி, அன்று சாயங்காலமே கோவில் தலைவர் இராஜமாணிக்கம் ஐயா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். வருகிற திருவிழாவில் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி உன் படத்தைப் போட்டு, எனக்கு மாலை மரியாதை செய்யப் போகிறார்களாம். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், உன் அக்கா அதில் வலி மாத்திரையைப் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். லோபாக் அச்சுக்கடையில் கொடுத்துப் பேனரும் அடித்தாகிவிட்டது. அதில் கோட் போட்டுக்கொண்டு நிற்கிறேன். என்னிடம் கோட் கிடையாது.

போன வாரம் நீ அனுப்பிய முதல் பாகத்தை லாரிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். என்னைக் காணோம். ஒரு தாப்பீர் வருகிறது, பன்றிக்கும் யானைக்கும் நடுவில் நிற்குமே நம் காட்டு மிருகம், அதற்குக் கைலி வேறு. என் தொப்பை, இழுத்து இழுத்து நடக்கிற என் நடை, உட்காருமுன் பின்னால் தடவிப் பார்க்கிற என் பழக்கம், எல்லாம் அதனிடம் இருக்கிறது, மூஞ்சி மட்டும் என்னுடையதில்லை. நான் இரண்டு வினாடியில் உட்கார்ந்ததை உன் நாற்பது பேர் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தார்களாமே, அதில் ஒரு நாளை என் மூக்குக்கு ஒதுக்கியிருக்கக் கூடாதா?

மாலை போனால் போகட்டும் மாப்பிள்ளை. எனக்குக் கவலை உன் அக்காவைப் பற்றித்தான். எங்கள் கல்யாணத்தில் கோலா பிலாவிலிருந்து வந்த உங்கள் மாயாண்டி பெரியப்பா, "லாரிக்காரனுக்கா பொண்ணக் குடுக்குறீங்க?" என்று பந்தியில் வைத்துக் கேட்டாரே, நீ அப்போது பாயாசத்தில் முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தாய். இருபத்தாறு வருசமாக அவள் அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் போனில் பிடித்து, "எங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுப் படத்துல வாராரு பெரியப்பா. குடும்பத்தோட வந்து பாருங்க, முன்வரிசைல நாற்காலி போடச் சொல்லிட்டேன்" என்றாள். வைத்துவிட்டு, நான் கேட்காமலே எனக்கு இரண்டாவது முட்டையும் பொரித்துக் கொடுத்தாள். அந்த முட்டை தொண்டையில் இறங்கிய கஷ்டம் எனக்குத்தான் தெரியும். அவர் முன்னால் இவள் தலைகுனியக் கூடாது.

ஆகவே திருவிழாவுக்குள் ஏதாவது செய். அந்தத் தாப்பீர் ஒரே ஒரு தும்மல் போடட்டும், தும்மி நிமிரும்போது என் மூஞ்சி வந்துவிட்டுப் போகட்டும். முடியாதென்றால் டிக்கெட் எடுத்து நீயே வா, மாலையை நீ வாங்கிக்கொள், நான் இல்லாமல் படமே இல்லை என்று மைக்கில் நாலு வார்த்தை சொல். ஏழு வருசமாக வருகிறேன் வருகிறேன் என்கிறாய், பனிக்கரடிகூட இதற்குள் நீந்தியே வந்து சேர்ந்திருக்கும்.

மாரியம்மன் உனக்கு நல்ல வெயிலையும் காய்ந்த துணியையும் கொடுக்கட்டும். உன் நாற்பது பேருக்கும் என் வணக்கத்தைச் சொல், என் தொப்பையை வரைந்தவருக்கு மட்டும் தனியாகச் சொல்.

உன் மச்சான்,
மகேந்திரன்

பி.கு.: இந்தக் கடிதம் லாரியிலேயே ஐந்து வாரம் கிடந்திருக்கிறது, இன்றுதான் கண்ணில் பட்டது. திருவிழா நேற்றோடு முடிந்துவிட்டது. ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன், மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம், முக்கியமாக அந்த மூஞ்சியில் கை வைக்காதே. தாப்பீர் வந்து நாலு அடிகூட வைக்கவில்லை, அதற்குள் முன்வரிசையில் மாயாண்டி பெரியப்பா எழுந்து நின்று, "அட, இது நம்ம மாப்பிள்ள நடை லா" என்றார். மண்டபமே சிரித்தது. அவர் என்னை மாப்பிள்ளை என்றது அதுதான் முதல் தடவை. உன் அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கடைசி வரைக்கும் படத்தைப் பார்த்தாள். முடிந்ததும் பெரியப்பா தாப்பீரோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று போய்த் திரையில் சாய்ந்தார். திரைக்குப் பின்னால் சுவர் கிடையாது, இராஜமாணிக்கம் ஐயா மாலையோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரையும் துணியிலிருந்து எடுத்துவிட்டோம். ஐயாவின் மூக்குக்கண்ணாடியும் கிடைத்துவிட்டது. வலது பக்கம் நன்றாக இருக்கிறது.