தர்ஷித்து வளத்த அவரைச்செடி

ஒரு காட்டுல, புல்லுக்குப் பஞ்சமே இல்லாத காட்டுலதான், மாராயின்னு ஒரு வெள்ளாடு இருந்துச்சு. அதுக்கு ஒத்தக் குட்டி. பேரு தர்ஷித்து. ஆட்டுக்கு எதுக்கு இந்தப் பேருன்னு கேக்காதீங்க. ஸ்கூல்ல சேக்கணும்னா அப்படித்தான் வைக்கணுமாம்.

ஸ்கூல நடத்துனது கொக்கு மிஸ்ஸு. எல்.கே.ஜி.க்குச் செடிப் பாடம் வந்துச்சு. வெளிய திரும்புன பக்கமெல்லாம் செடி. மிஸ்ஸு சன்னலச் சாத்திட்டு, செவுத்துல சார்ட்ட மாட்டிருச்சு. "இது வேரு, இது தண்டு, இது எலை. எவனும் வெளிய பாக்கக் கூடாது, கவனம் செதறும்!"

அதோட விட்டுச்சா? ஆளுக்கு ஒரு அவரை வெதை, ஒரு கப்பு, கொஞ்சம் பஞ்சு. "செடி வளத்துக் கொண்டு வரணும். கொண்டு வராத புள்ளைக்கு யு.கே.ஜி. கெடையாது."

மாராயி அந்த வெதையப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டாந்துச்சு. போன வருசமே தர்ஷித்து எல்.கே.ஜி.லயே ஒக்காந்துருச்சு. இந்த வருசமும் ஒக்காந்தா, கொம்பு மொளைச்ச எல்.கே.ஜி. புள்ளைன்னு காடே சிரிக்கும்.

வெதை மொளைச்சுச்சு. தர்ஷித்து தின்னுருச்சு.

"ஏன்டா தின்ன, எருமை?"

"நான் ஆடும்மா."

இன்னொண்ணு போட்டாங்க. அத ஒசக்க ஒளிச்சு வெச்சு, மாராயியே காவலுக்கு நின்னுச்சு. ரெண்டு எலை விட்டுச்சு, பச்சப்பசேல்னு. மாராயி சும்மா மோந்துதான் பாத்துச்சு. அப்புறம் பாத்தா கப்பு மட்டும் இருக்கு. பஞ்சக் கூடக் காணோம்.

புருசன் கெடாகிட்டப் போயி எரிஞ்சு விழுந்துச்சு. "நின்னு வேடிக்க பாக்காதய்யா! கடையில ஒண்ணு வாங்கிட்டு வா."

கெடா சைக்கிள்ல போயி பிளாஸ்டிக் செடி வாங்கியாந்துச்சு. "கடிச்சுப் பாத்துட்டேன்டி. பல்லு எறங்கல. பத்திரமா இருக்கும்."

மறுநா ஸ்கூல்ல எல்லா மேசையிலயும் அதே செடி. அதே கடை. ஒண்ணுல வெலைச் சீட்டக் கூடப் பிய்க்கல. கீரிப்புள்ளை ஒண்ணுதான் நெசச் செடி கொண்டாந்துச்சு. கீரி எங்க எலை திங்குது, அதனால பொழைச்சுக் கெடந்துச்சு.

"என்னது, கோணலா இருக்கு? சார்ட்டுல நேராத்தான இருக்கு?"

"வெளிச்சத்தப் பாத்து வளைஞ்சிருக்கு மிஸ்."

"அது நடத்தாத பாடம். ஃபெயிலு. ஒக்காரு."

அடுத்து தர்ஷித்து. "சொல்லு, செடி எப்படி வளரும்?"

பேரண்ட்ஸ் வரிசையில நின்ன மாராயி கழுத்த நீட்டி எட்டிப் பாத்துச்சு.

"எங்கப்பா சைக்கிள்ல கடைக்குப் போனா வளரும் மிஸ்."

மிஸ்ஸு காலை மாத்தி நின்னுச்சு. செடியத் தடவிப் பாத்துச்சு. மண்ணு இல்ல, ஈரம் இல்ல, மேசை அழுக்காகல. "பாருங்க பேரண்ட்ஸ்! ஒரு எலை பழுக்கல. ஃபர்ஸ்ட் ப்ரைஸ்!"

மாராயி மகன முட்டி முட்டிக் கொஞ்சுச்சு. வீட்டுக்கு வந்ததும் நல்ல எளம்புல்லா பாத்து முன்னாடி கொண்டு போயி நிறுத்துச்சு. "தின்னுடா என் யு.கே.ஜி. தங்கம்!"

தர்ஷித்து மோந்து பாத்து மூஞ்சியச் சுளிச்சுச்சு. "கோணலா இருக்கு. மண்ணு ஒட்டியிருக்கு. இது செடி இல்லம்மா."

"பின்ன என்னடா இது?"

"ஃபெயிலு."

அன்னைக்குப் புள்ளை பட்டினி. மாராயிக்குப் பெருமை தாங்கல, ஊரெல்லாம் போயி சொல்லிட்டு வந்துச்சு.

நீதி: செடி எப்படி வளருதுன்னு புள்ளைக்குக் காட்டாதீங்க, எந்தக் கடையில கெடைக்குதுன்னு காட்டுங்க, பாஸாயிரும். பசிச்சா என்ன பண்றதுங்கிறது யு.கே.ஜி. பாடம்.