காவிரிப்பித்தன் வீட்டு இருமல்

செட்டாப் பாக்ஸின் பின்னால் இருந்த ஒயரைக் கழற்றி அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, பிலோமின்ராஜ் ஒன்றும் தெரியாதவர் போல சோபாவில் வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை, மணி ஐந்தே கால். ஏழு மணிக்கு அந்த எபிசோடு வரும். வந்தால் அவர் கதை முடிந்தது.

"டிவி வரலம்மா," என்றாள் ஆன்சி, ரிமோட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு.

"வராட்டி போகுது, விடு பாப்பா. லீவு நாள்ல டிவி என்னத்துக்கு?" என்றார்.

விஷயம் இதுதான். திருச்சி புத்தூரில் ஒரு கல்லூரி ஆபீசில் ஃபைல் பார்க்கும் இந்த மனிதர்தான் 'ரெண்டு வாசல் வீடு' என்ற காமெடித் தொடரை எழுதும் காவிரிப்பித்தன். விவாகரத்தான இரண்டு பேர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகளோடு ஒரே வீட்டில் முட்டி மோதுகிற கதை. எழுதுவது இவர்தான் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆபீசிலேயே கையால் எழுதி, திங்கட்கிழமை காலையில் ஸஹ்ராவின் டைப்பிங் சென்டரில் கொடுத்துவிடுவார். அவள் டைப் அடித்துச் சென்னைக்கு மெயில் அனுப்புவாள். "புரூஃப் பாக்க வாங்க சார்," என்பாள். "நேரமில்லம்மா, யாராவது பாத்து அனுப்பிடுங்க," என்று நழுவிவிடுவார்.

கதைக்கு அவர் எங்கே போவார்? சொந்த வீட்டிலேயே கை வைத்தார். அவரும் விவாகரத்துக்குக் கோர்ட் படி ஏறினவர், மனைவி பெலிண்டாவும் ஏறினவள். ரிஜிஸ்டர் ஆபீசில் இருவரும் கையெழுத்துப் போட்டு மூன்று வருஷமாகிறது. பெலிண்டாவின் மகள் ஆன்சிக்கு இப்போது பதினாலு வயசு. இந்த மூன்று வருஷத்தில் அவரை அவள் ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா இல்லை, அங்கிள் இல்லை, 'ஏங்க' கூட இல்லை. வேலை ஆகவேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று இருமுவாள். ஒரு இருமல் என்றால் வண்டியில் கொண்டுபோய் விடணும். ரெண்டு என்றால் ஸ்கூல் நோட்டில் கையெழுத்து. முதல் மாதம் இது புரியாமல் அவர் மூன்று பாட்டில் சிரப் வாங்கிக் கொடுத்தார். அவளும் மறுபேச்சில்லாமல் குடித்தாள், பாவம்.

அந்த இருமலை அப்படியே எழுதித் தொலைத்துவிட்டார். எழுதும்போது சிரிப்பு வந்தது. இப்போது அதே இருமல்தான் பயமுறுத்தியது. இப்படி இருமுகிற வீடு திருச்சியில் இது ஒன்றுதானே? பார்த்தவுடனே பிள்ளைக்குப் புரிந்துவிடும், ஊர் சிரிக்கட்டும் என்று தன்னை எழுதி வைத்திருக்கிறார் என்று. அப்புறம் அந்த இருமலும் நின்றுபோனால்? அவருக்கென்று அவள் கொடுத்தது அது ஒன்றுதான்.

"கேபிள்காரங்களக் கூப்பிடட்டுமாம்மா?" என்றாள் ஆன்சி. கேட்கும்போதே நம்பரை அழுத்திவிட்டாள்.

கேபிள்கார முருகானந்தம் பக்கத்துத் தெரு. பத்தே நிமிஷத்தில் வந்து, அலமாரிக்கு அடியிலிருந்து ஒயரை இழுத்தார். "என்ன சார், ஒயரு தானா நடந்து போயிருக்கு?"

"எலியா இருக்கும்ங்க."

"எலி இவ்வளவு பக்குவமா திருகிக் கழட்டுமா சார்?"

பெலிண்டா கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். டிவி கணீரென்று பாட ஆரம்பித்தது. பிலோமின்ராஜ் துள்ளி எழுந்தார்.

"கிளம்புங்க கிளம்புங்க! ஸ்ரீரங்கம் போயிட்டு வருவோம். பிரிட்டோவைப் பாத்து எவ்வளவு நாளாச்சு!"

தம்பி பிரிட்டோ வீட்டு டிவி போன மாதமே மண்டையைப் போட்டுவிட்டது. அதனால்தான் திடீரென்று இந்தத் தம்பிப் பாசம். ஆன்சி சட்டென்று செருப்பை மாட்டினாள். அந்த வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை.

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. இப்படியே ஏழரை வரைக்கும் ஊர்ந்தால் போதும் அந்தோணியாரே என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தபோது பெலிண்டா சொன்னாள்: "நல்ல வேளை கிளம்புனோம். அவங்க வீட்ல நேத்துதான் புது டிவி மாட்டியிருக்காங்களாம். பெருசாம்."

அதற்குமேல் பஸ் பறந்தது.

பிரிட்டோ வீட்டில் பாதிச் சுவருக்கு டிவி. எதிர் ஃபிளாட் வேணி தன் குடும்பத்தையே கூட்டி வந்து தரையில் உட்கார்த்தியிருந்தாள். "வாங்கண்ணே! கரெக்டா வந்தீங்க, இப்பதான் டைட்டில் ஓடுது," என்று பிரிட்டோ சத்தத்தைக் கூட்டினான். சுவரில் 'கதை வசனம்: காவிரிப்பித்தன்' என்ற எழுத்து ஆளுயரத்துக்கு வந்து நின்றது. பிலோமின்ராஜ் கதவோரமாக நகர்ந்தார். வீட்டிலேயே சின்ன டிவியில் பார்த்துத் தொலைத்திருக்கலாம்!

அந்த சீன் வந்தது. தொடரில் வரும் பெண் மாற்றாந்தகப்பன் பக்கத்தில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். ஐயோ, இருமப் போகிறாள்!

வேறு வழி தெரியாமல் பிலோமின்ராஜ் தானே இருமினார். அவள் சத்தம் கேட்கக் கூடாதென்று அடிவயிற்றிலிருந்து இருமினார்.

"என்னங்க ஆச்சு? சிரப் வாங்கிட்டு வரவா?" என்று பதறினாள் பெலிண்டா.

அதே நொடி டிவிக்குள் அந்த ஆளும், "என்னம்மா ஆச்சு? சிரப் வாங்கிட்டு வரவா?" என்றான்.

வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆன்சி மட்டும் சிரிக்கவில்லை. டிவியைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேர்த்து விறுவிறுத்துச் சுவரைப் பார்த்தார். இனி அந்தப் பெண் சிரப்பைக் குடித்துவிட்டு மறுபடி இருமுவாள், அதோடு முடியும். அவர் எழுதியது அதுதான்.

ஆனால் அந்தப் பெண் சிரப்பை வாங்கிக் கீழே வைத்தாள். "எனக்கு இருமல் இல்ல. உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. அப்பான்னு கூப்பிட்டா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?" என்றாள்.

சிரிப்பு அடங்கியது. வேணி கண்ணைத் துடைத்தாள். பிலோமின்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த வசனத்தை அவர் எழுதவேயில்லை!

பஸ் ஸ்டாப்பில் ஆன்சி கேட்டாள், வழக்கம் போல யாரையும் கூப்பிடாமல்: "கடைசி டயலாக் எப்படி இருந்துச்சு?"

மாட்டிக்கொள்ளக் கூடாதே என்கிற பயத்தில் வாய்க்கு வந்ததை உளறினார். "ம்... ரொம்ப ஓவர். எந்த வீட்ல பிள்ளைங்க அப்படிப் பேசுது?"

ஆன்சி முகம் சுண்டிப்போயிற்று. வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். திங்கட்கிழமை காலையில் நோட்டை அம்மாவிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நடந்தே ஸ்கூலுக்குப் போனாள். அவர் வண்டிச் சாவியும் கையுமாக வாசலில் நின்றார். ஒரு இருமல்கூட இல்லை. பயந்தது நடந்தேவிட்டது.

அந்த ஆத்திரத்தோடு நேராக டைப்பிங் சென்டருக்குப் போனார். "யாரும்மா என் வசனத்தில கை வச்சது? சென்னைக்காரங்களா?"

ஸஹ்ரா நிதானமாக டிராயரிலிருந்து புரூஃப் தாளை எடுத்து வைத்தாள். கடைசி வரிகள் பச்சை மையில் அடிக்கப்பட்டு, மேலே குண்டு குண்டாக வேறு வசனம் எழுதியிருந்தது. அந்த எழுத்து அவருக்குத் தெரியும். ஸ்கூல் நோட்டில், அவர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே வாராவாரம் பார்க்கிற எழுத்து.

"இது... இவ எப்ப இங்க வந்தா?"

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க? பக்கத்துலதானே டியூஷன்? டேபிள்ல உங்க எழுத்தப் பாத்துட்டுத்தான் உள்ள வந்துச்சு. ஆரம்பத்துலேருந்து திங்கக்கிழமையானா சாயங்காலம் வந்து திருத்திக் குடுத்துட்டுப் போகுதே. நீ யாரும்மான்னு மொத வாரமே கேட்டேன்..."

"என்ன சொன்னா?"

"'எங்க அப்பா எழுதுறது, நான் பாக்காம அனுப்பிடாதீங்கக்கா'ன்னுச்சு சார்."