லக்சம்பர்க் போக யார் அனுமதி கொடுத்தது?

ஆவடி, பாக்டரி குவார்ட்டர்ஸ்,
மார்ச் 1993, ஞாயிறு காலை.

பெல்ஜியத்தில் மேல்படிப்பு படிக்கும் செல்ல மகள் புஷ்பாவுக்கு, அப்பா கங்காதரன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று அடுத்த வரியில் கேட்பதுதான் முறை. ஆனால் உன் விஷயத்தில் நீ சுகமா என்பதற்கு முன்னால் நீ எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதை உன் ஹாஸ்டல் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். போய்ச் சேரும்போது நீ அந்த ஊரில் இருப்பாயா, அந்த நாட்டிலாவது இருப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்டர் விடுமுறையில் கூடப் படிக்கிற பிள்ளைகளோடு மூன்று நாள் பனிமலை பார்க்கப் போகலாமா, நீங்கள் சரி என்றால்தான் பெயர் கொடுப்பேன் என்று எழுதியிருந்தாய். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடாது. ஏன் கூடாது என்பதற்கு ஆதியிலிருந்து வர வேண்டும், பொறுமையாகப் படி.

நீ போனதும் முதலில் ஒரு கார்டு வந்தது. ஊருக்கு நடுவே கால்வாய், அதில் படகு. உன் அம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கூவத்தைக் கழுவி வுட்ட மாதிரி கீது" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தோம். அடுத்த வாரம் ஹாலந்து என்று ஒரு கார்டு, அதில் காற்றாலை. சரி, வழி தவறிப் போயிருப்பாய் என்று நினைத்தேன். அதற்கடுத்த சனிக்கிழமை லக்சம்பர்க். கார்டு என்பது மூடாத கடிதமாயிற்றே, தபால்காரர் எனக்கு முன்னால் படித்துவிட்டு, "சார், பாப்பா இந்த வாரம் லக்சம்பர்க்கு!" என்று தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு வருகிறார். குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்த பிறகுதான் பெற்ற அப்பனுக்குத் தெரிகிறது. அட்லஸை எடுத்துத் தேடினேன். அந்த நாட்டுக்குள் பெயர் எழுத இடமில்லாமல், ஒரு கோடு இழுத்து வெளியே கொண்டுபோய்ப் பெயரைப் போட்டிருக்கிறான். அதற்குள் நீ போன டூர் பஸ் எப்படித் திரும்பியது? காலையில் கிளம்பி ஒரு நாட்டைப் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு ஹாஸ்டல் வந்துவிட்டேன் என்று எழுதுகிறாய். நான் இங்கிருந்து பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், தாலி கட்டி, பந்தி முடிந்து, வாடகைப் பாத்திரத்தை எண்ணி வண்டியில் ஏற்றும்போதுதான் போய்ச் சேருகிறேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை புஷ்பா.

இதை மனசோடு வைத்திருந்தால் வம்பில்லை. கஜபதி மாமாவிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் பாக்டரி ஆபீசிலிருந்து ரிடையர் ஆனாலும் ரூல் புத்தகம் இன்னும் அவர் வாயிலிருந்து ரிடையர் ஆகவில்லை என்பது உனக்கே தெரியும். கார்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். முகம் கறுத்துப் போயிற்று. "இன்னா கங்காதரா, பாப்பா வாராவாரம் நாடு நாடா சுத்திகினு கீதே, ஸ்டேஷன் லீவ் பர்மிஷன் வாங்கிச்சா?" என்றார். என் சர்வீசில் லீவு நாளாக இருந்தாலும், திருத்தணிக்கு மொட்டை போடப் போவதாக இருந்தாலும், ஸ்டேஷனை, அதாவது வேலை பார்க்கிற ஊரை, விட்டு வெளியே போக அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஆபீசர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முருகனுக்கே தகவல் போகும். நீ பிறந்த சேதி உன் அம்மாவின் ஊரான அயனம்பாக்கத்திலிருந்து வந்தபோதுகூட எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உன் முகத்தைப் பார்க்க வந்தேன். இத்தனை பக்கத்தில் இருக்கிற ஊருக்கு எதற்கய்யா என்று ஆபீசர் சிரித்தார். சிரிக்கட்டும், கையெழுத்து இருந்தது. அப்படிப்பட்டவன் பெண், ஸ்காலர்ஷிப் வாங்கிப் படிக்கிறவள், இருக்க வேண்டிய இடத்தை விட்டு இரண்டு நாடு போய்விட்டு அதைக் கார்டில் வேறு எழுதி, தானே சாட்சியம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். "ஸ்காலர்ஷிப்பை நிறுத்தி பிளேன் ஏத்தி அனுப்சுடுவான் நைனா. நம்ம சைடுல பேப்பர் கரெக்டா இருக்கணும்" என்றார் கஜபதி.

ஆகையால் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தோம். கோபப்படாதே. உன் புரொபசருக்கு, என் மகள் அறியாமையால் வெளிநாடு போன இரண்டு சனிக்கிழமைகளுக்கும் பின்தேதியிட்டு அனுமதி வழங்கி அருள வேண்டும் என்று கஜபதி இங்கிலீஷில் டிக்டேட் செய்ய, நான் டைப் அடித்து, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம். அந்த மனுஷன் நல்லவர்தான் போலிருக்கிறது, உடனே பதில் போட்டார். உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள், சனி ஞாயிறு அவளுடைய சொந்த நாட்கள், அவள் எங்கே போகவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை, போன வாரம் நானும் என் மனைவியும்கூட அந்த பஸ்ஸில் போனோம் என்று எழுதியிருந்தார். படித்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. யாருடைய அனுமதியும் தேவையில்லாத ஒரு ஊர் எப்படி நடக்கும்? ஆபீசரே ஸ்டேஷனை விட்டுப் போய்விட்டால் அனுமதி கொடுக்கிறவன் யார்? கஜபதி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆபீசர் சிரிச்சிகினே பேசினா உள்ள மெமோ டைப் ஆவுதுன்னு அர்த்தம்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

இதற்கு நடுவில்தான் பனிமலைக்குப் போகலாமா என்று நீ கேட்ட கடிதம் வந்தது. சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று எழுதியிருந்தாய். அந்தச் 'சும்மா'தான் எனக்கு விளங்கவே இல்லை. சரி, அது என்னதான் என்று நாமே செய்து பார்த்துவிடுவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமைக்கு முறைப்படி அனுமதி எழுதிக் கொடுத்து, புளிசாதம் கட்டச் சொல்லி, உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு டூர் கிளம்பினேன். அயனம்பாக்கம் ஏரிக்கு. எனக்குத் தெரிந்து தண்ணீர் இருக்கிற இடம் அதுதான். வழியெல்லாம் உன் அம்மா, "பொறந்த ஊட்டுக்குக் கூட்டிகினு போய் அத்த டூருன்றியே, உனுக்கே நல்லாக்கீதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஏரிக்கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோமோ இல்லையோ, யாரோ போய்ச் சொல்லி உன் தசரதன் மாமா வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார். "இன்னாக்கா? இன்னா ஆச்சு? ஊட்டுக்கு வராம இங்க குந்திகினு கீறீங்க?" என்றார். சும்மா வந்தோம் என்றேன். நம்பவில்லை. நானும் உன் அம்மாவும் சண்டை போட்டுக்கொண்டோம் என்று நினைத்தார். இல்லை என்றதும் உனக்கு ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறோம் என்று நினைத்தார். பின்னாலேயே வந்த உன் அத்தை ஒன்றும் கேட்காமலே அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுததைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஏரியைப் பார்க்க வந்தோம் என்று நான் சொல்லச் சொல்ல, "பாவம், மனசு வுட்டுப் போயிருக்காரு, ஏரிப் பக்கம் தனியா வுடாதீங்க" என்று ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் உன் மாமா எங்கள் இருவரையும் பஸ் ஏற்றி, குவார்ட்டர்ஸ் வரை வந்து விட்டுவிட்டுப் போனார். புளிசாதம் கரையிலேயே போயிற்று.

இதிலிருந்து நான் அறிந்துகொண்டது என்னவென்றால், சும்மா போவது என்பது நமக்கு ஒத்துவராது. பக்கத்து ஏரிக்கே இந்தப் பாடு என்றால் பனிமலைக்கு என்ன ஆகும்? அதனால் பனிமலை வேண்டாம். சனி ஞாயிறு அறையிலேயே இரு, புஸ்தகத்தை எடு, ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள். இது என் முடிவு. குளிரில் காதை மூடிக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி. படிப்பும் உடம்பும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க, அம்பத்தூர் அம்மனும் திருத்தணி முருகனும் உனக்குத் துணை இருப்பார்கள். அவர்களுக்கு எந்த நாட்டிலும் அனுமதி தேவைப்படாது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உன் கவலையில் இளைத்த அப்பா,
கங்காதரன்.

பி.கு.: ஒட்டுவதற்கு முன்னால் உன் அம்மா இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கேக்காம போறாளேன்னு இத்தினி நாளு குதிச்சே. இப்ப கேட்டுகினு நிக்கிறா, அதுக்கும் குதிக்கிறே. கையெழுத்து போடற ஆபீசர் நீதான்யா, இது கூடவா தெரியல?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "நான் எங்க போனாலும் கல்யாணம், கருமாதி, பிரசவம்னு ஒரு காரணம் கேப்பாங்க. போன ஞாயித்துக்கெழமதான் ஒண்ணுத்துக்கும் இல்லாம ஒரு எடத்துல போய் குந்தினேன். ஊரே கூடிச்சு. ஆனா நல்லா இருந்துச்சுய்யா. என் பொண்ணாவது சும்மா போய்ட்டு வரட்டும்." ஏரிக்கரையில் அவள் இதை என்னிடம் சொல்லவே இல்லை புஷ்பா.

ஆகவே மேலே எழுதிய அனைத்தும் ரத்து. ஈஸ்டர் விடுமுறைக்குப் பனிமலை செல்ல உனக்கு இதன் மூலம் அனுமதி வழங்கப்படுகிறது. காரணம் என்ற இடத்தில் 'சும்மா' என்று போட்டுக்கொள். அம்மாவுக்காகப் பனியைக் கையில் அள்ளிப் பார்த்து, எப்படி இருந்தது என்று கார்டில் எழுது. தபால்காரர் படித்தால் படிக்கட்டும்.

உன் அம்மா புடவை மாற்றிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எங்கே என்று கேட்டேன். ஸ்டேஷனுக்குப் போய் முதலில் வருகிற வண்டியில் ஏறலாம் என்கிறாள். நானும் சட்டை போட்டுக்கொண்டேன். யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. கஜபதி மாமாவுக்குக் கடிதம் எழுதினால் இதை மட்டும் சொல்லிவிடாதே.