கறுப்புத்திரையாரின் நாற்பது பிள்ளைகள்

கெடா மாநிலத்தில் என் சினத்துக்கு ஆளானவர்கள் பலர். ஆயினும் மூன்றே சொற்களைத் தட்டி என் குருதியைக் கொதிக்க வைத்தவர் கறுப்புத்திரையார் ஒருவரே.

சுங்கைப் பட்டாணியில் ஓர் உணவுக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். பள்ளி இணையத்தளங்களுக்கான பொத்தான், நாட்காட்டி, படிவம் முதலிய உறுப்புகளை ஒருமுறை செய்து பல தளங்களில் பொருத்துவது தொழில். ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான் அவற்றின் சொற்களைத் திருத்துபவன். அவற்றுக்கு நிரல் எழுதும் கறுப்புத்திரையாரோ சுட்டெலியைத் தொடாதவர். கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே உலகை நடத்தியவர்; அதனால் நான் வைத்த பெயர் அது. 'டெவ்' என்றால் உறுப்புகள் திரையில் ஓடும். 'டெஸ்ட்' என்றால் சோதனை நடக்கும். 'பில்ட்' என்றால் யாவும் ஒன்றாகக் கட்டப்பட்டு வெளியேறும். சோதனை தேறினால் கீழ்க்கடைக்கு ஐந்து குவளை தே தாரிக் தேநீர் கேட்டுத் தானாகவே செய்தி போகும்படியும் எழுதியிருந்தார். ஒருநாள் பதினொரு முறை தேறியது. கணினி வைக்க மேசையில் இடமில்லை.

"தமிழ்ப்பள்ளி வேலைக்கு ஆங்கிலக் கட்டளையா?" என்று சீறினேன்.

"மாத்திட்டா போச்சு லா, ஐயா."

மறுநாளே 'வளர்', 'சோதி', 'கட்டு' என்று தட்டினார். சினத்தைத் தொடர வழியின்றிப் போனது எனக்குப் பெருஞ்சினம்.

உண்மையான சண்டை பதிவுப் படிவத்தில் வந்தது. தந்தை பெயருக்கான கட்டத்தை நான் பிடிவாதமாகக் கட்டாயமாக்கியிருந்தேன். மறுநாள் காலை பள்ளிகளில் முதலாம் ஆண்டு வகுப்புக்குப் பதிவு தொடங்க வேண்டும். 'சோதி'யில் நாற்பது மாதிரிப் பதிவுகளுள் முப்பத்தொன்பது தேறின, ஒன்று தோற்றது. ஆகவே 'கட்டு' கட்ட மறுத்தது.

"அண்ணே, அந்த ஒரு டெஸ்ட்ட தூக்கிடுங்கண்ணே. நாளைக்கு பேரன்ட்ஸ் எல்லாம் வந்து நிப்பாங்க," என்று கறுப்புத்திரையாரிடம் கெஞ்சினார் எங்கள் முதலாளி மீனா.

"முடியாது மா. அது அப்பா பேரு இல்லாத பிள்ள. ஐயாவோட கட்டம் அத உள்ள விடமாட்டேங்குது."

"அப்படியொரு பிள்ளை எங்கே இருக்கிறது? நீர் இட்டுக்கட்டியது," என்றேன்.

"பெண்டாங் ஊர்ல அப்படி ஒருத்தி இல்லன்னு உங்களால சொல்ல முடியுமா ஐயா? சரி, நீங்களே அழிங்க. அவ வந்தா இடமில்லன்னு நீங்களே சொல்லிடுங்க."

அழிக்கவே அமர்ந்தேன். கோப்பைத் திறந்தால் நாற்பது பிள்ளைகள். சோதனைக்குப் பெயரும் வயதும் போதும். அவரோ ஒவ்வொருவருக்கும் காலணி அளவு, பிடித்த பலகாரம், எந்தத் தோட்டத்திலிருந்து எந்தப் பேருந்தில் வருவார் என்பது வரை எழுதி வைத்திருந்தார். தோற்றவள் பெயர் கயல்விழி. தாயின் பெயர் உண்டு. முன்பல் இரண்டு விழுந்தவள். கடைசி வரி: 'பள்ளிக்கூடம்னா பயம்.'

முப்பது ஆண்டுகள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவன் நான். அப்பன் பெயர் கேட்டு நான் தலைகுனிய வைத்த முகங்கள் சில நினைவுக்கு வந்தன. அதற்கும் சேர்த்து அவர்மீதே சினந்தேன். பிறகு தந்தை பெயர்க் கட்டத்திலிருந்து 'கட்டாயம்' என்ற சொல்லை நீக்கினேன். நாற்பதும் தேறின.

"என்ன ஐயா, பாஸா?"

"வாயை மூடும்."

கறுப்புத்திரையார் போன மாதம் ஜொகூருக்கு வேலை மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் நான் சொன்னதையெல்லாம் மறுபேச்சின்றிச் செய்கிறார். எனக்கு வேலையே ஓடவில்லை.