திங்கட்கிழமை பத்தரை மணிக்கு உங்கள் இடது முட்டி

மரியாதைக்குரிய சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இல்லை. அங்கே நீங்கள் நலமாக இருந்தால் மிக்க மகிழ்ச்சி, ஆனால் திங்கட்கிழமை மதியம் வரை அதை யாரிடமும் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சித்தப்பாவின் சர்க்கரை, தங்கையின் பரீட்சை, மாடி வீட்டுக்காரரோடு நடக்கும் தண்ணீர்த் தகராறு எல்லாவற்றையும் நான் விசாரித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவீர்கள், சித்தப்பா கேட்பார், சித்தப்பா கேட்டது பத்தே நிமிடத்தில் அம்மாவுக்குப் போய்விடும். அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. எங்கள் வீட்டுக்குள் வரும் ஒரே சம்பளம் என்னுடையது, இது நான் பார்க்கும் மூன்றாவது வேலை, முதல் இரண்டும் என் வாயால் போனவை. எனவே படித்ததும் கிழித்துப் போடவும்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "உங்கள் முட்டி சிகிச்சை உறுதி செய்யப்பட்டது, ஒன்றை அழுத்தவும்" என்று மூன்று வாரமாக உங்கள் ஃபோனுக்குச் செய்தி அனுப்புவது மோசடிக் கும்பல் இல்லை. நான்தான்.

நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி மையம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. முட்டி வலிக்காரர்கள் இருபத்திரண்டு படி ஏறி வந்துதான் முட்டி வலி என்று சொல்ல முடியும். சிகிச்சை கொடுப்பவர்கள் இரண்டு பேர். கால் பார்ப்பவரை நாங்கள் முட்டி அண்ணன் என்போம், முதுகு பார்ப்பவரை முதுகு அக்கா என்போம். முதலாளிக்கு இரண்டும் தெரியாது, அவர் இதற்கு முன்னால் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து ஃபோன் எடுத்து, யாருக்கு எந்த நேரம் என்று நோட்டில் பென்சிலால் எழுதி, வராதவர்களை ரப்பரால் அழிப்பது என் வேலை. போன மாதம் முதலாளி ஏதோ சிறுதொழில் செய்பவர்கள் கூட்டத்துக்குப் போனார். போகும்போது நல்லாத்தான் போனார். திரும்பி வந்ததும் என் நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இதெல்லாம் கற்காலம்மா. எல்லாரும் ஒரே கேலண்டரைப் பாக்கற மாதிரி சாஃப்ட்வேர் வந்திருக்காம். நீ, நான், அவங்க ரெண்டு பேரு, எல்லாரும் பாக்கலாம். நோயாளியே ஃபோன்ல புக் பண்ணிக்குவாங்க. நல்லதா ஒண்ணு கண்டுபிடி, ஒரு வாரம் டைம்" என்றார். "அப்ப ஃபோன் வந்தா சார்?" என்றேன். "ஃபோனே வராதும்மா, அதுதான் இதுல அழகு" என்றார்.

எனக்கு அந்த அழகு உடனே புரிந்துவிட்டது சித்தி. ஃபோன் வராத இடத்தில் ஃபோன் எடுக்கிறவள் எதற்கு? என்னை வீட்டுக்கு அனுப்பப்போகும் சாமானைத் தேடிப் பிடித்து, விலை விசாரித்து, மற்ற மூன்று பேருக்கும் சொல்லிக்கொடுக்கும் வேலையை எனக்கே கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் தேடினேன். ஒன்பது சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தேன். எல்லாமே பதினாலு நாள் இலவசம், எல்லாமே "உங்கள் குழுவில் எத்தனை பேர்?" என்று கேட்டது. ஒன்றின் விளம்பரத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, நாற்காலியில் ஆளில்லை, கீழே பெரிய எழுத்தில் "நிம்மதி". யாருக்குடா நிம்மதி என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டேன், இடுப்புக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா "எனக்குத்தாம்மா" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. இருப்பதிலேயே மட்டமானதைப் பிடித்துக் கொடுத்தால், அது பத்து நாளில் படுத்துவிடும், நோட்டு திரும்பி வந்துவிடும், நானும் தப்பித்துவிடுவேன். ஒன்பதிலும் அதிகமாகத் திட்டு வாங்கியது எது என்று தேடினேன். ஒன்றுக்கு அப்படி ஒரு திட்டு. "உயிரை வாங்குகிறது", "மூச்சுவிட முடியவில்லை", "இதைக் கண்டுபிடித்தவன் உருப்பட மாட்டான்". ஆகா என்று அதையே முதலாளியிடம் கொண்டுபோய், இதுதான் சார் டாப் என்றேன். திட்டினவங்க யாருன்னு பாக்காம விட்டுட்டேன் சித்தி. அவங்க எல்லாரும் என்னை மாதிரி வேலை பாக்கறவங்க. முதலாளிங்க எல்லாம் அதுக்கு அஞ்சு நட்சத்திரம் கொடுத்திருந்தாங்க.

ஏன் கொடுத்தாங்கன்னு மறுநாளே தெரிஞ்சுது. ஆள் இருக்கற அரை மணி கேலண்டர்ல பச்சையா இருக்கும். ஆள் இல்லாத அரை மணி சிவப்பு. முதலாளி வீட்டுல சோபாவுல படுத்துக்கிட்டே அதைப் பாக்கலாம். சனிக்கிழமை ஆனா, யாரு எத்தனை நிமிஷம் சும்மா இருந்தாங்கன்னு பேரைப் போட்டுப் பட்டியல் வேற வரும். முதல் நாள் பதினொன்றரைக்கு முட்டி அண்ணனுக்கு ஃபோன். "சிவப்பா இருக்கே, என்ன பண்றே?" அண்ணன், "பாத்ரூம்ல சார்" என்றார். "அதை ஏன் புக் பண்ணலை?" அண்ணன் நாற்பத்தெட்டு வயசு ஆளு, பதினேழு வருஷமா அடுத்தவங்க காலைப் பிடிச்சுவிட்டுச் சம்பாதிக்கிறவர். ஃபோனை வெச்சார். நேரா என் பக்கத்துல வந்து உக்காந்து, பதினொன்றரை மணிக்குத் தன் மச்சான் பேரைப் போட்டார். சிவப்பு பச்சையாச்சு. முதுகு அக்கா பாத்துக்கிட்டே இருந்தாங்க. அடுத்த நிமிஷம் அவங்க வீட்டுக்காரருக்கு முதுகு வலி வந்துடுச்சு.

அப்புறம் நானும் ஆரம்பிச்சேன். சிவப்பு அதிகமானா முதல்ல போறது நான்தானே. ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஃபோன் நம்பர் வேணும், அந்த நம்பர்லேருந்து ஒன்றை அழுத்தினாத்தான் பச்சையாகும். எனக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் உங்களோடது. நீங்களும் என்ன வந்தாலும் அழுத்தற ஆளு. அதுக்குக் கோடி புண்ணியம். ஆனா சிகிச்சை எப்படி இருந்துச்சுன்னு கேட்டு வந்த செய்திக்கு ஏன் சித்தி அஞ்சு நட்சத்திரம் கொடுத்தீங்க? ஆறு தடவையும் அஞ்சு! நடக்காத வைத்தியத்துக்கு இவ்வளவு திருப்தியா? அதனால இப்ப எங்க கேலண்டர்ல உங்க பேருக்குப் பக்கத்துல ஒரு கிரீடம் ஜொலிக்குது. இந்த மையத்தோட மிகச் சிறந்த வாடிக்கையாளர் நீங்கதான்.

இதுல சிரிக்க முடியாத ஒண்ணும் நடந்துச்சு. நேத்து சாயங்காலம் ஒரு அம்மா படியேறி வந்தாங்க. பக்கத்துத் தெரு துணிக்கடையில நின்னுக்கிட்டே விக்கிறவங்க. அங்க உக்காரக் கூடாது, உக்காந்தா அபராதம். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடிச்சு நின்னு நின்னு வந்து, என் முன்னாடி கிடந்த நாலு காலி நாற்காலியைப் பாத்து, "இதுல உக்காரலாமா பாப்பா?"ன்னு கேட்டாங்க. நாற்காலியைப் பாத்து உத்தரவு கேக்கற அளவுக்கு அந்தக் கடை அவங்களைப் பழக்கி வெச்சிருக்கு. உக்காந்தாங்க. முட்டி ரெண்டும் வீங்கியிருந்துச்சு. எப்ப வரலாம்னு கேட்டாங்க. கேலண்டரைத் திறந்தேன். மூணு வாரத்துக்கு ஒரே பச்சை. அதுல ஒண்ணை ரத்து பண்ணினா முதலாளி ஃபோன்ல மணி அடிக்கும், காரணம் கேட்பார். "மூணு வாரத்துக்கு இடமில்லைங்க"ன்னு சொன்னேன் சித்தி. என் வாயாலதான் சொன்னேன். அவங்க நாற்காலியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "யாருமே இல்லையே பாப்பா?"ன்னாங்க. "வருவாங்க"ன்னேன். அந்த நேரம் பாத்துத் திரைக்குப் பின்னாடி சும்மா உக்காந்திருந்த முட்டி அண்ணன் தும்மினார். அந்தம்மா திரையையும் பாத்தாங்க. கோபப்படலை. கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். "சரி பாப்பா, யாராவது வராம போனா சொல்லு"ன்னு நம்பர் எழுதிக் கொடுத்துட்டு, இருபத்திரண்டு படியும் இறங்கிப் போனாங்க. போன வேலையில பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இல்லைன்னு கேட்டு வெளிய வந்தவ நான். இங்க அந்த வாயை எங்க வெச்சேன்னே தெரியலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பணத்தை மாதக் கடைசியில்தான் எண்ணும் முதலாளி, எங்கள் பச்சையைப் பார்த்துப் பூரித்துப்போய் இரண்டாவது கிளை திறக்கப்போகிறார். அதற்குப் பங்குதாரராக வரப்போகிறவர் திங்கட்கிழமை காலை முழுவதும் எங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்க்கப்போகிறார். அன்றைக்குப் பதினொரு பேர் பதிவு. எங்கள் ஆட்கள் எட்டு. மீதி மூன்று பேர் தாங்களாகவே புக் செய்த நிஜ நோயாளிகள். அவர்களை நம்பித்தான் உயிரோடு இருக்கிறேன். அது போதாதென்று முதலாளி, "அந்தக் கிரீடம் வெச்ச அம்மாவை அவசியம் வரச்சொல்லு, அவங்க வாயால நாலு வார்த்தை அவர்கிட்ட சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டார். நீங்கள் வராவிட்டால் அவரே உங்களுக்கு ஃபோன் செய்வார். நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். அதோடு மூன்று பேர் வேலையும் முடிந்தது.

அதனால கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன், திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வந்துடுங்க. இடது முட்டி. மறந்துடாதீங்க, இடது. நீங்க கடிகாரம் கட்டற கைப் பக்கம். ஆறு தடவை வந்தவங்க நீங்க, அதனால பாத்ரூம் எங்கேன்னு கேட்டுடாதீங்க. உள்ளே நுழைஞ்சதும் வலது பக்கம், தாழ்ப்பாள் கிடையாது, உள்ள போறவங்க பாட்டுப் பாடணும். முட்டி அண்ணன் குட்டையா, கண்ணாடி போட்டிருப்பார், அவரைப் பாத்ததும் தெரிஞ்சவர் மாதிரி சிரிங்க. ரொம்ப நடிக்க வேண்டாம். பெரியம்மா வீடு மாத்தினப்ப சாமான் தூக்காம இருக்கறதுக்கு மூணு நாள் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு முனகினீங்களே, அதுல பாதி போதும்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். தங்கை நன்றாகப் படித்து, யாரும் சிவப்பு பச்சை பார்க்காத ஒரு வேலைக்குப் போகட்டும். உங்கள் இரண்டு முட்டியும் நூறு வருஷம் உறுதியாக இருக்கட்டும், திங்கட்கிழமை ஒரு மணி நேரம் தவிர.

இப்படிக்கு,
பயத்தோடு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: சித்தி, வர வேண்டாம். கவரை ஒட்டறதுக்குள்ள எல்லாம் மாறிடுச்சு. அந்த மூணு நிஜ நோயாளிங்களும் திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துடணுமேங்கற பயத்துல ஒவ்வொருத்தரா கூப்பிட்டேன். முதல் நம்பர்ல ஒரு வயசான அம்மா எடுத்து, "வந்துடறேம்மா, ஆனா எனக்கு எங்க வலிக்குதுன்னு மாப்பிள்ளை இன்னும் சொல்லலையே"ன்னாங்க. எந்த மாப்பிள்ளைன்னேன். "உங்க முதலாளிதான்!"ன்னாங்க. அஞ்சாவது நிமிஷம் முதலாளி ஃபோன். "நிஜமா வர்றவங்க அவங்க மூணு பேருதான்னு நம்பிக் கூப்பிட்டேன் சார்"னு உளறிட்டேன். அப்புறம், "உங்க ஆளு எத்தனை?"ன்னார். "எட்டு சார்." "என்னோடது மூணு"ன்னார். "அந்தக் கிரீடம்?" "எங்க சித்தி சார்."  அப்புறம் அவர் குரலே வேற மாதிரி வந்துச்சு. "டைல்ஸ் கடையை வித்து இதுல போட்டேம்மா. திங்கட்கிழமை வர்றவர் திரும்பிப் போயிட்டா நான் நடுத்தெருவுலதான்"ன்னார். அவருக்கும் நடுங்குது சித்தி. பாவமா இருந்துச்சு, உடனே எரிச்சலாவும் இருந்துச்சு. அவர் பயத்தை எங்க மேல இறக்கினார், நாங்க அதைத் தூக்கி அந்தத் துணிக்கடை அம்மா மேல இறக்கிட்டோம்.

பத்தரை மணியிலேருந்து உங்க பேரை எடுத்துட்டு அவங்க பேரைப் போட்டுட்டேன். முதலாளி ஃபோன்ல மணி அடிச்சிருக்கும், ஒண்ணும் கேக்கலை. கடைக்கே போய் நேர்ல சொன்னேன், அரை நாள் லீவு வாங்கிட்டாங்க. பங்குதாரர் பக்கத்துல வந்து உக்காந்து, இங்க எப்படிம்மா கவனிக்கிறாங்கன்னு கேட்டா என்ன சொல்லணும்னு என்கிட்ட கேட்டாங்க. "நடந்ததைச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். மூணு வாரம் இடமில்லைன்னு நான் திருப்பி அனுப்பினதையும் சேத்துத்தான்.