நாவூறு நாசினி

கனடாவில், மோர்னிங்சைட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பார்ட்டி அறை. அறுபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அந்த எழுத்துக்குக் கீழே இருநூறு பேர் நின்றார்கள். மில்லிக்கனிலிருந்து வான் வண்டி பிடித்து வந்தவர்களும் இருந்தார்கள். பனி கொட்டினால் வேலைக்கு லீவு சொல்கிறவர்கள் அன்றைய பனியில் பிள்ளைகுட்டியோடு வந்திருந்தார்கள்.

வந்தது சாமி பார்க்க அல்ல. மெசின் பார்க்க.

நமது வீட்டுச் சமையலறைகளில் மெசினுக்குக் குறைவில்லை. ஒருமுறை பாவித்த தேங்காய்ப் பால் மெசின். வெங்காயத்தை விட விரலை நன்றாக வெட்டும் பெட்டி. பொதி பிரிக்காத மின்சார இடியப்ப உரல். எல்லாம் சிங்குக்குக் கீழே உறங்குகின்றன. தொண்ணூற்று ஐந்தாம் ஆண்டு வந்த இந்த மெசின் மட்டும் உறங்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், சாமிப் படத்துக்கு நேரே, பூ வைத்துப் பொட்டும் இட்டு இருத்தப்பட்டது. அதன் பெயர் நாவூறு நாசினி.

கனடாவில் நம்மவர்களுக்குள்ள பெரிய குறை புகை அலாரம். ஊரில் பிள்ளைக்கு ஆருடைய கண்ணாவது பட்டு நாவூறு வந்தால் உப்பையும் செத்தல் மிளகாயையும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டோம். இங்கே போட்டால் அலாரம் அடிக்கும். பதினெட்டு மாடியும் படியால் இறங்கி வெளியே நிற்கும். தீயணைப்பு வண்டி வரும். குளிரில் நிற்கிற முந்நூறு பேரும் உங்களையே பார்ப்பார்கள். கழிக்கப் போன நாவூறு இரட்டிப்பாகும்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் குலசிங்கம். முந்தின வருடம் வீடு வீடாக வக்கூம் கிளீனர் விற்றவர். இந்த வருடம் சக்தி எஞ்சினியர். எங்கே படித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோட்டுக்குள்ளே உருத்திராட்சம் தெரிந்தது. அதுவே போதுமான சேர்ட்டிபிக்கேற்.

மெசின் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து இரண்டு இரும்புக் கம்பிகள் தொங்கும். கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீர் எடுத்துக் கம்பிகளை இறக்கிச் சுவிட்சைப் போடுவார். மூன்று நிமிடம். தண்ணீர் தெளிவாகவே இருக்கும். மெசினில் களவில்லை என்பதற்கு அது அத்தாட்சியாம். பிறகு உங்கள் தலையை உப்பால் மூன்று முறை சுற்றி அதே தண்ணீரில் போடுவார். மூன்று நிமிடம். நுரை பொங்கும். தண்ணீர் கோப்பி நிறமாகும்.

"உதுதான் உங்கடை வீட்டு நாவூறு," என்பார் மெதுவாக. புகை இல்லை. அலாரம் இல்லை. ரசீது உண்டு.

கூடவே ஒரு துண்டுத்தாள் கொடுப்பார். அது ஐந்து வார வைத்தியம். முதல் வாரம் ஒரு பிடி உப்பு. இரண்டாம் வாரம் அரைப் பிடி. மூன்றாம் வாரம் ஒரு மேசைக்கரண்டி. நாலாம் வாரம் ஒரு தேக்கரண்டி. ஐந்தாம் வாரம் ஒரு சிட்டிகை. வாரத்துக்கு வாரம் தண்ணீர் தெளிந்து வரும். தண்ணீர் தெளிந்தால் நாவூறு போயிற்று, அதோடு வந்த நோய் வருத்தமும் போயிற்று. கம்பிகள் தேய்ந்துகொண்டே போகும். நாவூறு இரும்பையே தின்கிறது, உங்களை விடுமா என்று கேட்பார். புதுக் கம்பி அவரிடம் மட்டுமே கிடைக்கும்.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் ஓடும். ஓடினால் இரும்பு கரையும். கரைந்த இரும்பு துருவாகும். அந்த அறையில் ஏ லெவல் இரசாயனம் பாஸ் பண்ணியவர்கள் இருபது பேராவது இருந்திருப்பார்கள். அவர்களும் வரிசையில்தான் நின்றார்கள்.

அன்றைய கூட்டத்துக்கு முக்கிய சாட்சி பாலேஸ்வரி. ஐம்பத்தெட்டு வயது. ஆறு வருடமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. எப்போது தொடங்கியது என்று ஐந்து வாரத்துக்கு முன்னர் குலசிங்கம் கேட்டிருந்தார். ரூஜ்ஜில் புது வீடு வாங்கிய அடுத்த வருடம் என்று பாலேஸ்வரி சொன்னார். குலசிங்கம் கண்ணை மூடித் திறந்தார். வீட்டைப் பார்த்த கண்தான் இரத்தத்தில் இறங்கியிருக்கிறது என்றார். அன்றைக்கே பாலேஸ்வரி மெசின் வாங்கினார். அன்றைக்கே டொக்டர் கொடுத்த குளிசைகளை விழுங்குவதை நிறுத்தினார்.

இது தெரிய வந்தது தவமணிக்கு. தவமணி பாலேஸ்வரியின் தம்பி பெண்சாதி. அதே வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்துகொண்டு இடியப்பம் ஓடருக்கு அவித்துக் கொடுக்கிறவர். ஐந்தாம் வாரம் தலையிடிக்கு மருந்து தேடி மேலே வந்து மேசை லாச்சியைத் திறந்தார். சீனிக் குளிசைப் போத்தல் நிறைந்தபடி இருந்தது. பாலேஸ்வரியின் கால் பெருவிரலில் ஒரு புண் மூன்று வாரமாக ஆறாமல் இருந்ததும் அப்போதுதான் உறைத்தது. புண் ஓரம் கறுத்திருந்தது.

தவமணி கெஞ்சினார். பாலேஸ்வரியின் மகன் பிரசாந் கத்தினான், டொக்டரிடம் நேரம் எடுத்தான். பாலேஸ்வரி அசையவில்லை.

"கோப்பி மாதிரி இருந்த தண்ணி இப்ப தெளிஞ்சு போச்சு, தவம். கண்ணாலை கண்டதை நம்பாமல் வேறை எதை நம்புறது?"

தவமணி கீழே இறங்கி மாவைக் குழைத்தார். உப்பைப் போட்டார். கொஞ்சம் கூடிவிட்டதோ என்று நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே மேலே ஏறி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த துண்டுத்தாளை மாக் கையோடு இரண்டு தரம் வாசித்தார். ஒரு பிடி, அரைப் பிடி, கரண்டி, சிட்டிகை. மச்சாளுடைய வருத்தம் குறையவில்லை. உப்புத்தான் குறைந்திருந்தது.

சொன்னால் மச்சாள் நம்பமாட்டார் என்று அவருக்குத் தெரியும். கண்ணால் காண வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனபோது அவர் கைப்பைக்குள் ஒரு பை சீனி இருந்தது.

பார்ட்டி அறையில் குலசிங்கம் முதலில் தானே கதிரையில் உட்கார்ந்து, முதுகு நிமிர்ந்திருந்தால்தான் சக்தி இறங்கும் என்று காட்டினார். பிறகு பாலேஸ்வரியை இருத்தினார். ஒரு சிட்டிகை உப்பைச் சுற்றிப் போட்டார். தண்ணீர் இலேசாக மங்கியதோடு நின்றது. கைதட்டல். பாலேஸ்வரி அழுதார். அந்தக் கால் நொண்டியபடிதான் கதிரைக்கு வந்தது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

தவமணி முன்னே போனார்.

"அண்ணை, நானும் ஒருக்கால் பாக்கட்டோ?"

"வாங்கோ தங்கச்சி. இருங்கோ."

"நான் கதிரையிலை இருக்கேல்லை. மச்சாள், நீங்கள் கொஞ்சம் எழும்புங்கோ."

வேறு குவளையில் தண்ணீர் ஊற்றினார். ஒரு பிடி உப்பை அள்ளி, வெறும் கதிரையை மூன்று முறை சுற்றிப் போட்டார். சுவிட்சையும் அவரே போட்டார். மூன்று நிமிடம் கழியுமுன்னரே கோப்பி.

முன்வரிசையில் சலசலப்பு. குலசிங்கம் சிரித்தார்.

"கதிரையிலை முந்தி இருந்த ஆளின்ரை நாவூறு படிஞ்சிருக்கும்."

"முந்தி இருந்தது மச்சாள். அவவுக்குச் சுகமாப் போச்செண்டு இப்பதானே சொன்னனீங்கள். அதுக்கு முந்தி இருந்தது நீங்கள்."

பின்னால் ஒரு பெடியன் சிரித்தான். பிறகு நாலு பேர். குலசிங்கம் கோட்டின் பொத்தானைப் பூட்டினார், கழற்றினார்.

தவமணி பாலேஸ்வரியை மறுபடி இருத்தினார். புதுத் தண்ணீர். இந்த முறை பையிலிருந்து சீனியை அள்ளி மச்சாளின் தலையை மூன்று முறை சுற்றிப் போட்டுக் கலக்கினார். மூன்று நிமிடம். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. இன்னும் மூன்று நிமிடம் விட்டார். அப்போதும் தெளிவு.

"சீனி நாவூறைப் பிடிக்காது," என்றார் குலசிங்கம். குரலில் ஈரம் இல்லை. "உப்புத்தான் பிடிக்கும்."

"சரி. மச்சாள், நீங்களே ஒரு பிடி உப்பு எடுங்கோ. ஆரையும் சுத்தாதேங்கோ. சும்மா உதுக்குள்ளை போடுங்கோ."

பாலேஸ்வரி குலசிங்கத்தைப் பார்த்தார். அவர் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலேஸ்வரி உப்பை எடுத்துப் போட்டார். கம்பிகளைச் சுற்றி மஞ்சளாக ஒரு புகைபோல எழுந்தது. பிறகு பழுப்பு. பிறகு கோப்பி. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கையில் இன்னும் உப்பு ஒட்டியிருந்தது.

"அப்ப என்ரை வருத்தம்?"

"அது எங்கையும் போகேல்லை, மச்சாள். உடம்பிலைதான் இருக்கு. காலிலை வந்து நிக்குது."

குலசிங்கம் பிளக்கைப் பிடுங்கினார். இந்தக் கட்டடத்தின் கறண்ட் பிழை, வேறு கட்டடத்தில் வைத்துக் காட்டுகிறேன் என்றார். அதையும் இரண்டு பேர் தலையாட்டி ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் காசைத் திருப்பித் தரச் சொல்லி மேசையைச் சூழ்ந்தார்கள். தள்ளுமுள்ளில் கறுப்புப் பெட்டி விழுந்து மூடி கழன்றது. உள்ளே கார் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி. கடையின் விலைச் சீட்டைக்கூட அவர் கிழிக்கவில்லை.

பிரசாந் தாயைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப் போனான். நேரே ஆஸ்பத்திரிக்கு. காலைக் காப்பாற்றலாம், ஒரு விரலை எடுக்க வேண்டிவரும் என்று சொன்னார்கள். பாலேஸ்வரி அதற்குத் தலையாட்டி ஓம் என்றார். குளிசையை எப்போது நிறுத்தினார் என்று கேட்டபோதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு இவ்வளவையும் கண்ணால் கண்ட பிறகும், பார்ட்டி அறையின் வாசலில், வரிசையில் நின்ற மக்டலீன் அன்ரி தவமணியின் கையைப் பிடித்தார். அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, அப்ப சீனியாலை சுத்தினால் நாவூறு கிட்டவும் வராதெண்டு சொல்லுறீர். வெள்ளைச் சீனியோ, பழுப்புச் சீனியோ?"

வாசகர்களே, எந்தச் சீனியையும் சுற்றுங்கள், அது உங்கள் விருப்பம். சுற்றுகிற கைக்கு நடுவில் தலை என்று ஒன்று இருக்கிறதே, அதையும் ஒருமுறை பாவித்துப் பாருங்கள்.